சேற்றுத் திட்டும் அடைபட்ட முகத்துவாரமும்: குவாசூலு-நட்டால் கடலோரத் திட்டங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்ட் 1 அன்று தென்னாப்பிரிக்கக் கடலில் 20 காப்பிடங்கள் நடைமுறைக்கு வந்தன. சில புதியவை, சில பழையதை நீட்டியவை. அதுவரை நாட்டின் கடற்பரப்பில் 0.4 விழுக்காடுதான் பாதுகாப்புக்குள் இருந்தது. ஒரே அறிவிப்பில் அது 5.4 விழுக்காடாக ஏறியது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலுக்கு நான்கு கிடைத்தன. வடக்கே மொசாம்பிக் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஐசிமங்கலிசோ, நடுவில் துகேலா, டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் கரைக்கு எதிரே அலிவால் ஷோல், இன்னும் தெற்கே ஷெல்லி பீச், மார்கேட் பக்கம் புரோட்டியா பேங்க்ஸ்.

இவற்றில் மூன்றைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. அலிவாலிலும் புரோட்டியாவிலும் சுறா பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் முக்குளிக்க வருகிறார்கள். ஐசிமங்கலிசோவில் பவளப் பார்கள் இருக்கின்றன, 1963 முதல் கணக்கெடுக்கப்படும் ஆமைகள் இருக்கின்றன, 2000ஆம் ஆண்டு சோட்வானா அருகே நூறு மீட்டர் ஆழத்துக்கும் கீழே உயிரோடு காணப்பட்ட சீலகாந்த் மீனும் இருக்கிறது. துகேலாவுக்கு அந்தக் கவர்ச்சி எதுவும் கிடையாது. அங்கே இருப்பது சேறு. ஆற்று வண்டல் கொட்டிக் கொட்டி உருவான, கலங்கல் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றுத் திட்டு. படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது.

நான் எடுத்துக்கொண்டது அந்தச் சேற்றுத் திட்டைத்தான். கடலோர மீன்வளத் திட்டம் எங்கே வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இந்த மாகாணத்தில் வேறெந்த இடமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. துகேலாவில் கடலின் மேல் போட்ட கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்தக் கடலின் இறால் கதையை முடித்துவைத்த முடிவுகளோ கரும்பு வயலிலும் ஆற்றங்கரையிலும் எடுக்கப்பட்டவை. ஆற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடாத கடல் திட்டம் பாதித் திட்டம்தான் என்பது என் கணிப்பு.

இறால் போகும் வழி

இந்தக் கிழக்குக் கரையில் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடல்தரை, மிகவும் ஒடுங்கியது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே ஆழம் சரிந்துவிடும். அந்த விளிம்பை ஒட்டி அகுலாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி வேகமாக ஓடுகிறது. டர்பனுக்கும் ரிச்சர்ட்ஸ் பேவுக்கும் நடுவில் மட்டும் திட்டு விரிந்து, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வரை அகலம் கொள்கிறது. நட்டால் வளைவு என்று சொல்லப்படும் அந்த இடத்தில்தான் துகேலா ஆறு டிராக்கன்ஸ்பெர்க் மலையிலிருந்து கொண்டுவரும் வண்டலைக் கொட்டுகிறது. ஸ்டாங்கர், டார்னல், மண்டேனி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தூண்டிலோடு போய் நிற்கும் சின்க்வாசி கடற்கரையிலிருந்து பார்த்தால், மழைக்காலத்தில் கடல் தேநீர் நிறத்தில் வெகுதூரம் பரந்து கிடக்கும்.

அந்தச் சேற்றில் வாழ்வது வெள்ளை இறால். பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் நம்மவர்கள் பிடிக்கும் அதே இனம்தான். அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். தாய் இறால் கடலில், இந்தத் திட்டின் மேல் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் நீரோட்டத்தோடும் ஏற்றவற்றத்தோடும் கரைக்கு வந்து, திறந்திருக்கும் முகத்துவாரம் எதுவோ அதற்குள் நுழையும். கழிமுகத்தின் அமைதியான, உப்புக் குறைந்த நீரில் சில மாதங்கள் வளர்ந்த பிறகு கடலுக்குத் திரும்பும். திரும்பியதைத்தான் இழுவைமடிக் கப்பல் வாரும். இதில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த வருடமே மடி காலியாகிவிடும். பல வருடம் வாழும் மீன் என்றால் ஒரு மோசமான ஆண்டைத் தாங்கிக்கொள்ளும். இறாலுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

குவாசூலு-நட்டாலில் எழுபதுக்கும் மேற்பட்ட கழிமுகங்கள் இருக்கின்றன. கணக்கு பெரிதாகத் தோன்றினாலும் பெரும்பாலானவை சின்ன ஓடைகள். வருடத்தில் பாதி நாள் மணல் மேடு கட்டி மூடியே கிடக்கும். இறால் குஞ்சுக்கு உண்மையில் பெரிய தொட்டில்கள் என்றால் மூன்றுதான்: டர்பன் விரிகுடா, ரிச்சர்ட்ஸ் பே, வடக்கே ஐசிமங்கலிசோவை ஒட்டிய செயின்ட் லூசியா ஏரி. முதலாவது ஆப்பிரிக்காவின் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றாகிவிட்டது. அதன் அலையாத்திக் காடு பேஹெட் பக்கம் ஒரு சிறு துண்டாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவதை 1970களில் நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகத்துக்காக நடுவே கரை போட்டுப் பிரித்தார்கள். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் காப்பகம். ஆக எஞ்சிய பெருந்தொட்டில் செயின்ட் லூசியாதான். சுமார் 350 சதுர கிலோமீட்டர் பரப்பு, சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்.

கரையோரத் திட்டில் இறால் இழுப்பவர்களுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. உரிமங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான். ஆண்டின் ஒரு பகுதியில் கரையோர மண்டலம் மூடப்படும். மடியில் ஏறுவதில் இறால் சிறு பங்கு, மிச்சமெல்லாம் கூடவே சிக்கும் மீன் குஞ்சுகள் என்பதால் வந்த விதி அது. காப் என்று இங்கே சொல்லும், நம்மூர் கத்தாளைக்கு உறவான மீன் வகைகளின் குஞ்சுகள் அதில் நிறைய. காகிதத்தில் பார்த்தால் நல்ல மேலாண்மை: உரிமம் குறைவு, காலத் தடை, பக்கச் சேதம் பற்றிய கவலை. இத்தனை இருந்தும் 2002க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே வெள்ளை இறால் இழுவை தள்ளாடி விழுந்தது. விதியை யாரும் மீறியதால் வந்த வினை அது கிடையாது.

கரும்பு, ஆறு, மணல் மேடு

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நங்கூரமிட்டதிலிருந்து, 1911இல் ஒப்பந்தக்கூலி முறை முடியும் வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கரைக்கு வந்து இறங்கினார்கள். கரும்புக்காக வந்தவர்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் வெட்டிய அந்தக் கரும்பு மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது. 1910களில் இருந்து உம்ஃபோலோசி ஆற்றின் கீழ்ச் சமவெளியில் சதுப்பு நிலத்தை வடித்து, வாய்க்கால் வெட்டி, கரும்பு நட்டார்கள்.

அந்தச் சதுப்பு சும்மா கிடந்த நிலம் என்று நினைத்தார்கள். உம்ஃபோலோசி கொண்டுவரும் வண்டலை வடிகட்டிய சல்லடை அது. சல்லடை போனதும் வண்டல் நேராகக் கீழே இறங்கியது. அப்போது உம்ஃபோலோசிக்கும் செயின்ட் லூசியாவுக்கும் ஒரே முகத்துவாரம். 1950களின் தொடக்கத்தில் அது மண் நிறைந்து அடைந்துபோனது. 1952இல் ஒரு முடிவு எடுத்தார்கள்: ஆற்றையும் ஏரியையும் பிரித்துவிடலாம், ஆற்றுக்குத் தெற்கே தனி வாய், ஏரி வாயைத் தூர்வாரித் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஏரிக்குள் மண் விழாது, கரும்புக்கும் வெள்ளம் வடிய வழி இருக்கும். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்திருக்கும்.

கணக்கில் விட்டுப்போனது ஒன்று. ஏரிக்கு வரும் நன்னீரில் பெரும்பங்கு உம்ஃபோலோசியினுடையது. அதைத் திருப்பிவிட்ட பிறகு, மழை பொய்த்த வருடங்களில் ஏரியின் உப்பு ஏறியது, நீர்மட்டம் இறங்கியது. வாயைத் திறந்து வைத்தால் கடல் நீர் உள்ளே வரும், வந்த நீர் ஆவியாகி உப்பை விட்டுப் போகும். மூடிவிட்டால் உப்பு ஏறுவது குறையும், ஆனால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வெளியே நிற்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் அடி விழும்.

2002இல் வறட்சியோடு வாய் மூடிக்கொண்டது. இந்த முறை திறக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வறட்சி நீண்டது. 2006 வாக்கில் ஏரியின் பெரும்பகுதி வற்றி, வெடித்த தரை தெரிந்தது. 2007 மார்ச்சில் கமீட் புயலின் பேரலைகள் மணல் மேட்டை உடைத்தன, கடல் உள்ளே பாய்ந்தது. ஆகஸ்டில் திரும்பவும் அடைந்துகொண்டது. அந்தச் சில மாதங்களைத் தவிர்த்தால், பத்தாண்டுகளுக்கும் மேலாகத் துகேலாத் திட்டின் இறாலுக்கு அதன் மிகப் பெரிய தொட்டில் கிடைக்கவில்லை. ஒரு வருட ஆயுள் கொண்ட உயிரியின் எத்தனை தலைமுறை இது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்பனில் உள்ள கடலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இழுவைப் பிடிப்பின் வீழ்ச்சியையும் முகத்துவார மூடலையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

கரைவலைக் குடும்பத்தில் பிறந்து, இப்போது டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பேரப் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரைபடம், விழுக்காடு எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, எறா பொறக்கறது கடல்ல, வளர்றது ஆத்துல. வாசலச் சாத்திட்டு எறா எங்கடான்னு கேட்டா?" நான் இரண்டு பத்தியில் எழுதியதை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் இன்று இறால் கேட்டால், மொசாம்பிக்கிலிருந்து வந்ததையோ, வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து உறைந்த பெட்டியையோதான் எடுத்துக் காட்டுவார்கள்.

எல்லைக் கோட்டை யார் எப்படிப் போட்டார்கள்

2014இல் அரசு ஆபரேஷன் பகிசா என்ற பெயரில் கடல்சார் பொருளாதாரத் திட்டத்தை அறிவித்தது. மலேசியாவின் விரைவுத் திட்ட முறையைப் பார்த்து அமைத்தது. அதன் முதன்மை நோக்கம் துறைமுகம், கப்பல் கட்டுதல், கடலடி எண்ணெய், எரிவாயு. காப்பிடங்களை விரிவாக்கும் வேலையும் அதே பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. எண்ணெய் தேடும் திட்டத்தின் மடியில் கடல் காப்பிடம் பிறந்தது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதனால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன். எல்லாத் துறையும் ஒரே அறையில் உட்கார்ந்ததால் எல்லைகளைப் பேரம் பேச முடிந்தது. 2016இல் வரைவு வந்தபோது 22 இடங்கள் இருந்தன. கருத்துக் கேட்பு, மறுப்பு, வெட்டு, ஒட்டு எல்லாம் முடிந்து 2018 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது 20க்கு.

காப்பிடம் என்றதும் முழுத் தடை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே மண்டலங்கள் இருக்கின்றன. தடை மண்டலத்தில் எதையும் எடுக்கக் கூடாது. கட்டுப்பாட்டு மண்டலத்தில் உரிமத்தோடும் விதியோடும் சில வகை மீன்பிடிப்பு நடக்கலாம். கரையில் தூண்டில் போடுபவருக்கு முக்கியமான கேள்வி தான் நிற்கும் பாறை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதுதான். துகேலா போல நீளமான கரையில் அது அங்கே போய் நின்றால் கண்ணுக்குத் தெரியும் விஷயம் அல்ல.

துகேலாத் திட்டைத் தேர்ந்தெடுத்த காரணத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் கரையில் இவ்வளவு பெரிய சேற்றுத் தரை வேறெங்கும் கிடையாது. சேற்றில் புழுவும் நண்டும் சிப்பியும் கட்டியிருக்கும் வாழ்வை இழுவைமடி வாரி எடுத்தால் அது மீள வெகுகாலம் ஆகும். இன்னொரு பக்கம், கோடு போட்ட நேரத்தில் கரையோர இறால் இழுவை பெரும்பாலும் ஓய்ந்துபோயிருந்தது. காப்பாற்றுவதற்கான செலவு ஏற்கெனவே வேறொரு கணக்கில் செலுத்தப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

ஆற்றுப் பக்கம் என்ன ஆனது? துகேலாவின் மேல்பகுதித் தண்ணீர் 1974 முதல் மலை தாண்டி வால் ஆற்றுப் படுகைக்கு ஏற்றப்படுகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் குழாய்க்கும் தொழிற்சாலைக்கும் அது வேண்டும். கீழே கரும்பு, காகித ஆலை, ஊர்கள். ஆற்றில் வரும் மக்கிய பொருளும் வண்டலும் திட்டின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளம் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். ஆனால் ஆற்றில் எவ்வளவு நீர் கடலுக்கு விட வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின் கீழ் பிரிட்டோரியாவில் இருக்கும் நீர்த் துறையின் வேலை. கழிமுகம் 2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிறது. மீன் 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டத்தின் கீழ், கேப்டவுனில். கடல் இடத்தைப் பங்கிட 2018இல் இயற்றி 2021 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கடல் இடத் திட்டமிடல் சட்டம். மாகாணத்துக்குள் காப்பிடங்களில் விதியைப் பார்க்கும் வேலை எசெம்வேலோ வனவிலங்கு அமைப்பின் தலையில். செயின்ட் லூசியாவுக்கோ ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்கா ஆணையம் என்று தனி ஆள். இறால் ஒன்றுதான், அது கடக்கும் அலுவலகங்கள் ஐந்தாறு.

நியாயமாகச் சொன்னால், 2019க்குப் பிறகு ஒரு நல்லது நடந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த மீன்வளமும் சுற்றுச்சூழலும் ஒரே அமைச்சகத்தின் கீழ் வந்தன. காப்பிடம் போடுபவரும் மீன்பிடி உரிமம் தருபவரும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். தண்ணீர் மட்டும் இன்னும் வேறு வீடு.

முகத்துவாரம் திறந்த நாள்

செயின்ட் லூசியாவில் பூங்கா ஆணையம் 2010களில் கொள்கையை மாற்றியது. ஆற்றையும் ஏரியையும் திரும்பச் சேர்ப்போம், இயற்கை தன் வேலையைச் செய்யட்டும் என்பது புதிய வழி. 2012இல் கடற்கரை மணலில் ஒரு வழி வெட்டி உம்ஃபோலோசித் தண்ணீரை ஏரிக்குள் வரவிட்டார்கள். பல பத்தாண்டுகளாகத் தூர்வாரிக் கொட்டி வைத்திருந்த மண் மேட்டை உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு அகற்றினார்கள். கீழ்ச் சமவெளிக் கரும்பு விவசாயிகளுக்கு இது பிடிக்கவில்லை. முன்பு வாய் அடைந்தால் வெட்டிவிட்டு வெள்ளத்தை வடித்துக்கொள்வார்கள். இப்போது வெள்ளம் வயலுக்குள் நிற்கிறது. நீதிமன்றம் வரை போனார்கள். வயலில் நீர் நின்றது பெரிய தோட்டக்காரர்களுக்கு மட்டும் இல்லை, ஆற்றங்கரையில் கிழங்கும் காய்கறியும் போடும் சூலுக் குடும்பங்களுக்கும்தான். அதை விட்டுவிட்டு இதைப் பணக்காரக் கரும்புக்கும் இயற்கைக்கும் நடந்த சண்டையாக மட்டும் எழுதுவது சரியாக இருக்காது.

2021 ஜனவரி 6 அன்று ஆணையமே இயந்திரம் கொண்டு மணல் மேட்டை வெட்டி வாயைத் திறந்தது. ஊர்க்காரர்கள், படகுச் சுற்றுலா நடத்துபவர்கள், விவசாயிகள் மகிழ்ந்தார்கள். விஞ்ஞானிகளில் ஒரு சாரார் கொதித்தார்கள்: ஏரி தானாக நிரம்பித் தன் அழுத்தத்தில் உடைத்திருந்தால் வண்டலையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிருக்கும், முன்கூட்டித் திறந்தால் அந்த வேகம் இருக்காது, உப்புநீரும் ஆற்று வண்டலும் உள்ளே வந்து படியும் என்றார்கள். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி தனி நிபுணர் குழு ஒன்றை அமைக்க வேண்டிவந்தது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. திறக்கலாமா கூடாதா என்ற விவாதத்தில் வெள்ளம், வண்டல், நாணல், நீர்யானை, சுற்றுலா எல்லாம் வந்தன. கடலில் சுமார் நூறு கிலோமீட்டர் தெற்கே கிடக்கும் திட்டின் இறாலைப் பற்றிப் பேச அந்த மேசையில் யாருக்கும் தனி நாற்காலி இல்லை. அதுபோலவே துகேலாக் காப்பிடத்துக்கு எல்லை வரைந்த மேசையில் செயின்ட் லூசியாவின் வாய் ஒரு பொருளாக வைக்கப்படவில்லை. இரண்டும் ஒரே மாகாணம், ஒரே கரை. இரண்டையும் நடத்துவது கடைசியில் ஒரே அமைச்சகம்.

டர்பன் கரை: எளிய விதி, சிக்கலான உரிமை

டர்பன் நகரக் கடற்கரை எந்தக் காப்பிடத்துக்குள்ளும் வராது. ஆனால் தமிழர்கள் கடலோடு வைத்திருக்கும் உறவு அதிகம் தெரிவது இங்கேதான். ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் விரிகுடாவுக்குள் சாலிஸ்பரித் தீவிலும் பிறகு ஃபின்லாண்ட்ஸ் பக்கமும் குடிசை போட்டு, கரைவலையும் இறால் வலையும் இழுத்துப் பிழைத்தன. இரண்டாம் உலகப் போரில் தீவு கடற்படைக்குப் போனது. 1961இல் அதே தீவின் படைக் கொட்டகைகளில் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு ஒரு கல்லூரி திறந்தது. மீனவர் பிள்ளைகள் சிலர் பாட்டன் வலை காய வைத்த இடத்துக்கே பாடம் படிக்கப் போயிருக்கலாம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் மிச்சக் குடும்பங்களைக் கடலிலிருந்து பிரித்துச் சாட்ஸ்வர்த் மேட்டில் கொண்டுபோய் வைத்தது. திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே பழைய கரைவலைக் குடும்பங்கள் முகம் சுளிப்பதற்கு இந்த வரலாறே போதும்.

இன்னும் சில குடும்பங்கள் கரைவலை உரிமம் வைத்திருக்கின்றன. ஜூன், ஜூலையில் மத்தி ஓட்டம் வரும்போது அதைப் பார்க்க வேண்டும். சுறா வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து கூட்டம் எங்கே வருகிறது என்று செய்தி வரும். கன்னட் பறவைகள் தலைகுப்புற விழ ஆரம்பித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீச்சல் கரைகளின் சுறா வலைகளை வாரியம் எடுத்துவிடும். இல்லாவிட்டால் மத்தியைத் துரத்திவரும் சுறாவும் டால்பினும் சிக்கிச் சாகும். துடுப்புப் படகு ஒன்று வலையை விட்டுக்கொண்டே அரைவட்டம் போட்டுக் கரைக்கு வரும். இரு முனையையும் ஆட்கள் பிடித்து இழுக்க, மடி வெள்ளியாகக் கொதிக்கும். அப்போதுதான் வேடிக்கை பார்த்த கூட்டம் வாளி, பிளாஸ்டிக் பை, சட்டை என்று கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வலை மேல் பாயும். மிதவைக் கயிற்றைத் தூக்கிவிட்டால் பாதி மீன் ஓடிவிடும். வலைக்காரர் கத்துவார், யார் கேட்பார்கள்? பருவத்தின் முதல் பெட்டிகள் ஆயிரம் ராண்டையும் தாண்டி விலை போகும், இரண்டே நாளில் அது சரியும். சில வருடம் மத்தி கரைக்கு வருவதே இல்லை.

இந்த மத்தியின் மேலும் உள்ளூர்த் திட்டத்துக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. 2021இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இங்கே ஓடி வருபவை பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்தின் குளிர்நீருக்குப் பழகியவை என்று காட்டியது. தென்கிழக்குக் கரையில் குளிர்நீர் மேலெழும்போது அதைத் தொடர்ந்து வந்து, பிறகு வெந்நீரில் மாட்டிக்கொள்கின்றன. ஆக டர்பன் வலையில் விழுவதன் கணக்கு கேப் கரையின் மொத்த ஒதுக்கீட்டில் ஒரு துளி.

விதி பலித்த கதையும் இதே கரையில் இருக்கிறது. ஷேட் மீன். குளிர்காலத்தில் கேப்பிலிருந்து இங்கே வந்து வசந்தத்தில் முட்டையிடும். 1970களில் அது அருகிவருவதைப் பார்த்து, பிடிக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு, முட்டையிடும் காலத்தில் தடை, விற்பனைக்குத் தடை என்று கொண்டுவந்தார்கள். மீன் மீண்டது. இன்று விதி இதுதான்: 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு, அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் தொடக் கூடாது. தடையின் முதல் இரண்டு வாரம் நம் வீடுகளுக்கு உறைப்பதே இல்லை, புரட்டாசி முடியும்வரை எப்படியும் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. இந்த விதி பலித்ததற்குக் காரணம் அது கரையில் நிற்பவன் கையில் இருக்கிறது என்பதுதான். அளவுகோல் வேண்டும், நான்கு வரை எண்ணத் தெரிய வேண்டும், அவ்வளவே. பக்கத்தில் நிற்பவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பிந்திப்போன கதை செவன்டி-ஃபோர் என்ற பார் மீனுடையது. ஒரு காலத்தில் நட்டால் தூண்டில் படகுகளுக்குச் சோறு போட்ட மீன். 1998இல் முழுத் தடை வந்தபோது பிடிக்க அதிகம் மிச்சமில்லை. 2000 டிசம்பரில் தூண்டில் மீன்பிடிப்பு முழுவதற்கும் அரசு நெருக்கடி நிலை அறிவித்து, வணிகப் படகுகளைப் பெருமளவு குறைத்தது.

உரிமை விஷயத்துக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறு அளவு மீனவர் என்ற வகையே சரியாக இல்லை. கேப் கரை மீனவர்கள் சமத்துவ நீதிமன்றம் போனார்கள், 2007இல் தற்காலிகத் தீர்வு கிடைத்தது. 2012இல் சிறு அளவு மீன்பிடிக் கொள்கை, 2014இல் சட்டத் திருத்தம், 2016இல் விதிமுறைகள் வந்தன. உரிமை தனி ஆளுக்கு இல்லை, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு. கடற்கரைக் கிராமத்துக்கு இது பொருந்தும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று நகரம் முழுக்கச் சிதறி வாழும் தூண்டில்காரருக்கு எது ஊர்? அவர் பொழுதுபோக்கு உரிமம் வாங்கிக்கொண்டு துறைமுகத் தடுப்புச் சுவரில் நிற்கிறார். வேலை போன மாதத்தில் அந்த நான்கு மீன்தான் வீட்டுக் குழம்பு. விற்றால் குற்றம். 2004இல் பன்னாட்டுத் துறைமுகப் பாதுகாப்பு விதி வந்த பிறகு பழைய தூண்டில் இடங்களுக்கு வேலி போட்டார்கள். நுழைவு உரிமைக்காகத் தூண்டில்காரர் அமைப்புகள் பல வருடம் போராடின.

தரையிலிருந்து வரும் அடி இங்கேயும் அதேதான். 2021 ஜூலைக் கலவரத்தில் நகருக்கு வடக்கே கார்னூபியாவில் ஒரு வேளாண் வேதிப்பொருள் கிடங்கு எரிந்து, நச்சு நீர் ஓடை வழியாக உம்ஸ்லாங்கா கழிமுகத்தில் இறங்கியது. மீன் செத்து மிதந்தது, கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, கழிவுநீர் நிலையங்களை உடைத்து நகரக் கடலைச் சாக்கடையாக்கியது. கடலில் ஒரு கோடும் மீறப்படவில்லை.

இனி வரப்போவது

கடல் இடத் திட்டமிடல் சட்டம் நாட்டின் கடலை மேற்கு, தெற்கு, கிழக்கு, பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் என்று நான்கு பகுதியாகப் பிரிக்கிறது. எங்கள் கரை கிழக்கில். கப்பல் வழி, எண்ணெய் தேடல், மீன்பிடிப்பு, காப்பிடம், சுற்றுலா எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைப்பது நோக்கம். அண்டை நாடுகளோடு சேர்ந்த ஏற்பாடுகள் ஏற்கெனவே உண்டு. மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கான நைரோபி உடன்படிக்கை 1985இல் உருவாகி 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஐசிமங்கலிசோவை ஒட்டி மொசாம்பிக் 2009இல் பொன்டா டோ ஊரோ கடல் காப்பகத்தை அறிவித்தது. எல்லை தாண்டும் ஆமைக்கு இரு பக்கமும் வீடு இருக்கிறது. ஆமைக்குச் செய்ததை இறாலுக்குச் செய்ய இரண்டு நாடு பேச வேண்டிய அவசியம்கூட இல்லை.

கிழக்குப் பகுதிக்கான திட்டத்தில் நான் தேடுவது இரண்டு வரிகளை. செயின்ட் லூசியாவின் வாயைத் திறப்பது, மூடவிடுவது பற்றிய முடிவில் துகேலாத் திட்டின் நிலவரமும் கணக்கில் வர வேண்டும், அதற்காக முகத்துவாரத்தில் இறால் குஞ்சு வரத்தை வருடாவருடம் எண்ண வேண்டும் என்பது ஒன்று. இது பெரிய செலவு பிடிக்கும் வேலை கிடையாது, நுண்வலையும் பொறுமையும் போதும்.

மற்றது உரிமை. வாய் திறந்தே இருந்து, வெள்ளை இறால் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு அது? பழைய இழுவை உரிமக்காரர் தன் உரிமத்தைத் தூசி தட்டி எடுப்பார். ஏரியைச் சுற்றி வாழும் சூலுக் கிராமங்கள், இது எங்கள் நீர், எங்கள் வலை என்பார்கள். அவர்கள் சொல்வதற்குச் சட்ட பலமும் இருக்கிறது: 2018இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ட்வேசா-க்வேபே வழக்கில், கடல் காப்பிடம் அறிவித்ததால் மட்டும் ஊர் மக்களின் மரபுவழி மீன்பிடி உரிமை அழிந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. ஸ்டாங்கர், டார்னல் பக்கத்துத் தூண்டில்காரர்களுக்கு இறாலில் நேரடிப் பங்கு இல்லை, ஆனால் இழுவை திரும்பினால் மடியில் சாகும் காப் குஞ்சுகள் அவர்கள் பிடிக்க வேண்டியவை. இதற்கான பங்கீட்டு விதி இறால் வருமுன் எழுதப்பட வேண்டும். வந்த பிறகு எழுதினால், முதல் பருவத்தின் பிடிப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் விதியையும் எழுதுவார்.